நாலு ஆடிப்பெருக்கு ரசீதுகள்

தொண்ணூறுகளில் எங்கள் பெரம்பலூரில் புரோக்கர் என்றால் மூன்று பேர்தான். நிலம் காட்டுகிறவர், மாடு பிடித்துக் கொடுக்கிறவர், மாப்பிள்ளை ஜாதகம் கொண்டு வருகிறவர். நாலாவதாக ஒரு புரோக்கர் இருக்கிறார், அது நான்தான் என்று 2003-ல் என் அம்மாவிடம் சொன்னபோது, "நல்லா கம்பெனியில ஒக்காந்திருந்தவ, இதுக்கா போன?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒருமுறை, இன்சூரன்ஸ் புரோக்கர் வேலைக்குப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்த முறை ஒரு பெண் எழுந்து, "இப்பதான் எல்லாரும் செல்போன்லயே நேரா பாலிசி வாங்கிடுறாங்களே மேடம், நடுவுல நாம எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, குஷிதான் வந்தது. இந்தக் கேள்விக்கென்றே இருபது வருடமாக ஒரு கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டீ வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மலர்க்கொடி, ஊர் பாடாலூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் களைக்கும் போய் என்னைப் படிக்கவைத்தார்கள். டைப்ரைட்டிங் முடித்த கையோடு, பெரம்பலூரில் ஒரு பொது இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளையில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தேன். மாவட்டம் பிரிந்து வந்த புதிது. கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது என்று ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது, நானும் நடந்தேன். ஆறு மாதம் ஃபைல் தூசி தட்டினேன், ஒரு வருடம் டைப் அடித்தேன், அதன் பிறகு கவுண்டரில் உட்காரவைத்தார்கள். என் பயிற்சி அவ்வளவுதான். மேனேஜர் சொல்லிக் கொடுத்ததும் ஒரே வாக்கியம்: "கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததுக்கு வாயத் தொறக்காத."

லாரி இன்சூரன்ஸ்தான் முக்கால்வாசி. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாலிசி எடுக்கிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். அதிலும் முகவர் யாரும் கூட வராமல் நேராகக் கவுண்டருக்கு வந்தவர் ஒருவர்தான். அவர் கலியமூர்த்தி. அரியலூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகளுக்கு அச்சு, புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பார். 1999-ல் ஜூலை மாதக் கடைசியில் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, விரல் இடுக்கில் கிரீஸ் கறையோடு வந்து நின்றார்.

"எனக்கும் எம் பொஞ்சாதிக்கும் மெடிக்ளெய்ம் போடணும். முகவர், புரோக்கர்னு எவனும் வேணாம். நேரா வாங்கிட்டுப் போறேன்."

"அது ஏங்க?"

"மிஷினு வாங்குனப்ப ஒருத்தன் நடுவுல பூந்து என்னய மொட்டையடிச்சிட்டான். அதுலேருந்து எதா இருந்தாலும் டைரக்டுதான்."

எனக்கு அந்த ரோஷம் பிடித்திருந்தது. படிவத்தை நானே நிரப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அவர் மனைவி வசந்தாவுக்கும் அப்போது எந்த நோயும் கிடையாது.

அடுத்த வருடம் ஜூலை இருபத்தொன்பதாம் தேதி அந்தப் பாலிசி முடிந்தது. அவர் வரவில்லை. ஐந்து நாள் கழித்து, ஆடிப்பெருக்கு அன்று காலை கவுண்டர் திறந்ததும் நின்றார். நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை.

"ஆடியில புதுசா எதுவும் தொடங்க மாட்டோம்மா. போன தடவ ஆடின்னு பாக்காம போட்டதுக்கே வூட்ல திட்டு. பெருக்கு ஒரு நாளுதான் ஆகும். அதான் காத்திருந்து வந்தேன்."

நானும் இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவள்தானே! ஆடியில் எங்கள் வீட்டில் பாய்கூடப் புதிதாக வாங்க மாட்டார்கள். "பரவால்லீங்க, பெருக்கு நல்ல நாளு" என்று பணத்தை வாங்கி ரசீது போட்டு, புதுப் பாலிசி அடித்துக் கொடுத்தேன். 'முந்தைய பாலிசி எண்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பழையது முடிந்துபோய்விட்டதே, அதன் எண் எதற்கு என்று என் மூளை சொன்னது. அதற்கடுத்த வருடமும் பாலிசி முடிந்த மறுநாள் பெருக்கு, அதற்கடுத்ததும் அப்படியே. "அடுத்த பெருக்குக்கு வந்துடுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே நானே சொல்லி அனுப்பும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. இப்படி நாலு ஆடிப்பெருக்கு, நாலு ரசீது. ஒவ்வொன்றிலும் என் சுருக்கொப்பம்.

2003 செப்டம்பரில் அந்த வேலையை விட்டேன். எட்டு வருடம் ஆகியும் நிரந்தரமாக்கவில்லை, இனியும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஜாபர் அலி சார் புரோக்கர் லைசன்ஸ் வாங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஆபீஸ் திறந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பதினெட்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார்.

அவர் ஆபீசுக்குள் நுழைந்த முதல் நாளே எனக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. டேபிள் ஃபேன் ஒன்றுதான். அது அவர் பக்கம் திரும்பாது, வருகிறவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தே நிற்கும். சார் வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே பேசுவார். போன் வந்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார். காலை பத்து மணிக்கு இரண்டு பேரீச்சம்பழம், அப்புறம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஒரு கடும் டீ.

"மலர், முகவர் கம்பெனியோட ஆளு. கவுண்டரும் கம்பெனியோட ஆளு. புரோக்கர் மட்டும் வாங்குறவங்களோட ஆளு. அந்த நாற்காலியில ஒக்காந்திருக்காரே, அவருக்குத்தான் நாம வேலக்காரங்க. இத மறந்தா லைசன்சு வெறும் காயிதம்."

"அப்ப நேரா வாங்குறது தப்பா சார்?"

"தப்பே இல்ல. கேள்வி கேக்கத் தெரிஞ்சவரு தாராளமா நேரா வாங்கலாம். என்ன கேக்கணும்னே தெரியாதவருக்குத்தான் நாம."

படிவம் நிரப்புவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அதில் ஒரு அடி பிசகினாலும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வார். 'உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா' என்று அச்சில் இருப்பதை அப்படியே கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் ஒருவரும் உண்டு என்று சொல்ல மாட்டார்கள். சர்க்கரையும் பிரஷரும் அவர்கள் கணக்கில் நோயே இல்லை. படுத்த படுக்கையானால்தான் நோய். அதனால் சார், "வூட்ல மாத்திர டப்பா எங்க இருக்கு? எடுத்தாங்க" என்பார். பவுடர் டப்பாவிலிருந்தும் பிஸ்கட் டப்பாவிலிருந்தும் மாத்திரை அட்டைகள் வந்து விழும். ஒவ்வொன்றின் பெயரையும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் முழுப் படிவத்தையும் சத்தமாகத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது வாரம் புதுப்பிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் பாலிசி புதியதாகிவிடும். பழைய வருடங்கள் கணக்கில் வராது. நடுவில் வந்த நோயெல்லாம், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று ஆகிவிடும், அதற்குப் பணம் வராது. ஆனால் விதியில் ஒரு சந்து உண்டு. ஏழு நாளைக்குள் பணத்தோடு வந்துவிட்டால், இடைப்பட்ட நாட்களில் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, மேனேஜர் தாமதத்தை மன்னித்துத் தொடர்ச்சியைக் காப்பாற்றலாம்.

"அந்தக் கடிதம் இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு அச்சடித்த தாளை என் முன்னால் வைத்தார்.

எனக்கு அந்தத் தாளை நன்றாகத் தெரியும். அதன் முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை! கவுண்டரில் என் இடது பக்க இழுப்பறையில் அது கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஆறு வருடமாக அதன் வெற்றுப் பக்கத்தில்தான் துவரம்பருப்பு அரைக் கிலோ, தேங்காய் எண்ணெய் நூறு என்று வீட்டுச் சாமான் லிஸ்ட் எழுதினேன். ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. மஞ்சள் பையோடு நிற்கும் கலியமூர்த்தி அண்ணன்தான் கண்ணில் வந்தார்.

எப்படியாவது சரி செய்யலாம் என்று தை மாதம் அரியலூருக்குப் போனேன். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள்கள் தரையெல்லாம். விஷயத்தைச் சுற்றி வளைத்தேன். "அண்ணே, ஒங்க பாலிசியில தொடர்ச்சி இல்ல. எங்க சாரு மூலமா மாத்தினா, எழுதிப் போட்டுப் பாக்கலாம்" என்றேன். தப்பு செய்தது நான்தான் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. மலர் கை வைத்தால் தப்பே வராது என்று எனக்கு அந்த இரண்டு ஊரிலும் ஒரு பெயர் இருந்தது. அதை என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

அவர் லேத்தை நிறுத்தாமலே கேட்டார். "நீயும் புரோக்கராயிட்டியா? கவுண்டர்ல இருந்தப்ப நல்ல பொண்ணா இருந்த. எனக்கு டைரக்டே போதும், போயிட்டு வா."

அவமானமாகவும் இருந்தது, உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பங்குனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மார்ச் கடைசி என்றால் இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. காலை ஒன்பதரைக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கலியமூர்த்தி அண்ணன்தான். முகம் வீங்கியிருந்தது, சவரம் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். ஃபேன் முன்னால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

வசந்தா அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. 2001-ல் மூச்சு வாங்கியபோதே டாக்டர் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவந்தார். இப்போது முற்றிவிட்டது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, மறுநாள் காலை ஆபரேஷன். கம்பெனி பணம் கட்டிவிடும் என்று தைரியமாக இருந்தவருக்கு முந்தின நாள் காலையில் ஃபாக்ஸ் வந்திருக்கிறது: பாலிசி போன ஆடியில்தான் தொடங்கியது, நோய் அதற்கு முன்பே இருந்தது, அனுமதி இல்லை. அன்று சாயங்காலமே பெரம்பலூர் கவுண்டரில் போய்க் கேட்டால், கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுமதி வர வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும்.

"லேத்த வித்துடலாம்னு சொல்லிட்டேன். பாக்குறதுக்கு மதியமே ஆளு வருது. அது போச்சுன்னா எனக்குக் கையி போன மாதிரி. ஆனா அவ போயிட்டா..."

எங்கள் ஆபீசில் கணக்குப் பார்த்த தம்பி மெதுவாக, "சார், இவரு நம்ம கஸ்டமர் இல்லியே" என்றான்.

ஜாபர் சார் எழுந்து நின்றார், போன் எடுக்கிற மாதிரி. "ஒரு காயிதத்துல ஆயிடப்போறாரு" என்றார். இன்றிலிருந்து என் பாலிசி விஷயமாக இவர்கள் என் சார்பில் பேசலாம் என்று அண்ணன் பெயரில் அவரே நாலு வரி எழுதி, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினார். "முடிஞ்சுது. இனி நீங்க எங்க ஆளு. பழைய ரசீதெல்லாம் எங்க?"

"பட்டறையில, சாமி படத்துக்குப் பின்னால."

"நீங்க நேரா திருச்சிக்குப் போயி அவங்க பக்கத்துல இருங்க. ரசீத நாங்க எடுத்துக்குறோம்."

அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தவர், என் கையில் வைத்தார். "ஒனக்குத்தாம்மா பட்டற தெரியும்." அந்தச் சாவி உடம்புச் சூட்டோடு இருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் படி இறங்கியதும் வெடித்துவிட்டேன். "சார், அந்த நாலு வருஷமும் கவுண்டர்ல இருந்தது நான்தான். கடிதம் வாங்காம விட்டது நான்தான். முந்தின பாலிசி நம்பர் எடத்துல கோடு போட்டதும் நான்தான்." சாமான் லிஸ்ட் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டப் போகிறார், வேலையிலிருந்தே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

ஆனால் சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! "அல்ஹம்துலில்லாஹ்! இத ஏன் புள்ள இவ்வளவு நாளா சொல்லல?" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். "அவரு ஏழு நாளுக்குள்ள பணத்தோட வந்து நின்னாரு. கடிதம் கேக்க வேண்டியது கவுண்டரு. கேக்கல. அப்ப அது அவரு தப்பு இல்ல, கம்பெனி தப்பு. சாட்சி யாரு? நீதான்! எழுது."

"நானா சார்? எம் பேரு போட்டா?"

"ஒம் பேரு போட்டுத்தான். பேரு கெடும். லைசன்சு பரீட்ச எழுதியிருக்கியே, அதுலயும் கேள்வி வரலாம். நான் ஒன்னக் கட்டாயப்படுத்தல. யோசி. ஆனா அரியலூர் பஸ்சு பத்தேகாலுக்கு."

யோசிக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? ஒரு முழுத்தாள் எடுத்தேன். எந்தத் தேதியில் வந்தார், நான் என்ன சொன்னேன், எதைக் கேட்காமல் விட்டேன், இழுப்பறையில் எது இருந்தது என்று வரிசையாக எழுதினேன். என் பெயர், வேலை பார்த்த வருடங்கள், கையெழுத்து. எழுதி முடித்தபோது கை லேசாகிவிட்டது. தாளைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். சார் நேராகக் கம்பெனியின் திருச்சி டிவிஷன் ஆபீசுக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

அரியலூரில் இறங்கியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. பட்டறை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவி ஒங்கிட்டயாம்மா? நல்லதாப் போச்சு. தொற, மிஷின ஏத்தணும்."

"நீங்க யாருங்க?"

"பழைய மிஷினு வாங்கி விக்கிற புரோக்கரு. கலியமூர்த்திதான் வரச் சொன்னாரு. நீ யாரு?"

"நானும் புரோக்கருதான்" என்றேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த வார்த்தையை அவ்வளவு திமிராகச் சொன்னேன். "அஞ்சு மணி வரைக்கும் இந்தப் பூட்ட யாரும் தொடக் கூடாது. அதுக்கப்புறம் அவரே சொல்லுவாரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரியாப்போச்சு போ, ஒரு மிஷினுக்கு ரெண்டு புரோக்கரா" என்று முணுமுணுத்துக்கொண்டே எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். நான் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே குனிந்தேன். லேத்தின் மேல் ஒரு பழைய புடவை போர்த்தியிருந்தது. வசந்தா அக்காவின் புடவையாகத்தான் இருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் கை விட்டேன். பாலித்தீன் கவரில் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு ரசீதோடும் அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின் அடித்து வைத்திருந்தார் மனுஷன்! ஆடி 18, ஆடி 18, ஆடி 18, ஆடி 18. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. உள்ளுக்குள் கத்திக்கொண்டேன். பூட்டைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

பெரம்பலூர்க்காரிக்கு ரயில் பழக்கம் ஏது? எங்கள் ஊரில் தண்டவாளமே கிடையாது. எந்தப் பிளாட்பாரம், எந்தப் பக்கம் திருச்சி என்று ஒரு பூக்காரியிடம் கேட்டு, வண்டி நகரும்போது ஏறினேன். உட்கார இடம் இருந்தும் திருச்சி வரை வாசல் பக்கமே பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். லால்குடி தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம். எழுதின கடிதத்தில் தேதி போட்டேனா? எடுத்துப் பார்த்தேன். போட்டிருந்தேன்.

டிவிஷன் ஆபீஸ் மார்ச் மாதச் சந்தைக்கடையாக இருந்தது. சார் வராந்தாவில் கையில் எங்கள் அதிகாரக் கடிதத்தோடு நின்றிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. டிவிஷனல் மேனேஜர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மூன்று மணி வரை எங்களை உட்காரவைத்துவிட்டு, பிறகு கூப்பிட்டார். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முடிந்த தேதியையும் கட்டின தேதியையும் விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சு நாள்... அப்புறம் ஒரு நாள், ஒரு நாள்... சரி, எல்லாம் ஏழுக்குள்ளதான் இருக்கு. ஆனா கடிதம் இல்லியே? கடிதம் இல்லாம நான் எப்படி மன்னிக்கிறது?"

சார் என்னைப் பார்த்தார். நான் என் தாளை நீட்டினேன்.

அந்த அம்மா அதைப் படிக்க ஆரம்பித்தார். சாமான் லிஸ்ட் எழுதியதைச் சொல்லியிருந்த இடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது ஒனக்கு எதிரா போகும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்கியா?"

"தெரியுங்க மேடம்."

"எங்க பழைய மேனேஜர் வரைக்கும் இதுக்கு வெளக்கம் கேக்க வேண்டியிருக்கும். யாரும் ஒன்ன நல்லபடியா பேச மாட்டாங்க."

"பேச வேணாங்க மேடம். அந்த அக்காவுக்கு நாளைக்கிக் காலையில ஆபரேஷன்."

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். எனக்கு உயிரே அந்தப் பேனாவில் இருந்தது. கடைசியில் ஃபைலில் மடமடவென்று எழுதினார். 'பணம் ஏழு நாட்களுக்குள் செலுத்தப்பட்டுள்ளது. கடிதம் கேட்கப்படாதது அலுவலகத்தின் குறை. நான்கு ஆண்டுகளின் தாமதமும் மன்னிக்கப்படுகிறது. 1999 முதல் தொடர்ச்சி வழங்கப்படுகிறது.' கீழே கையெழுத்து, சீல்.

ஃபாக்ஸ் முதல் தடவை போகவில்லை, தாள் சிக்கிக்கொண்டது. இரண்டாம் தடவை லைன் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அந்தக் கீச்சென்ற சத்தம் வந்தபோது சார் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். நாலே முக்காலுக்கு ரிசப்ஷனில் இருந்த பெண், "வசந்தா அட்டெண்டர் யாரு? அப்ரூவல் வந்துடுச்சு" என்று கூப்பிட்டாள். நான் அந்த இடத்திலேயே கையைத் தட்டிவிட்டேன்! வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கலியமூர்த்தி அண்ணன் ஓடிப்போய் ஒரு ரூபாய் போனில் அரியலூரில் பட்டறைக்கு எதிர் டீக்கடைக்குப் பேசினார். "மிஷினு கெடக்கட்டும், லாரிய அனுப்பிடு" என்று அவர் சொன்னது அந்த வராந்தா முழுக்கக் கேட்டது.

பேசிவிட்டு வந்தவர் கையில், ஃபாக்ஸோடு வந்திருந்த காகிதக் கட்டை ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்தார்கள். அதில் என் கடிதத்தின் நகலும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. சார் என் பக்கத்திலேயே நின்றார்.

"நாலு வருசமும் ஒங்கிட்டத்தான் கட்டுனேன்."

"ஆமாங்கண்ணே."

"கவுண்டர்ல தெரியாம செஞ்ச, சரி. தை மாசம் பட்டறைக்கு வந்தியே, அப்பத் தெரியுமில்ல?"

"தெரியுங்கண்ணே."

"அப்ப சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே. யாவாரத்துக்கு வந்தேன்னுதான நெனச்சேன்."

சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு எழுந்து வார்டுக்குள் போய்விட்டார். ஜெயித்த நாளில் நான் பஸ்ஸில் அழுதுகொண்டே ஊர் வந்தேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் அழுவது தெரியாதது மாதிரியே வந்தார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பழைய கிளையில் என்னைப் பற்றிப் பேச வேண்டியதை எல்லாம் பேசினார்கள். என் பரீட்சை முடிவு இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு தேர்ச்சி என்று வந்தது. நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஆடியில் முடியும் பாலிசிகளை எல்லாம் அதில் தனியாக எழுதி, ஆனி பிறந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய், "ஆடி வருது, இப்பவே முடிச்சுடுங்க" என்று நின்றேன். பாடாலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை டவுன் பஸ்ஸில் அலைந்தேன். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நோட்டில் அந்தப் பெயரை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் பெருக்கு அன்று கவுண்டருக்கே போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

"நீ போறியா, நான் போவட்டுமா?" என்று ஜாபர் சார் கேட்ட அன்றே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவான சத்தம், நின்று நின்று ஏறுகிற சத்தம். வசந்தா அக்கா முன்னால், அவர் கையைப் பிடித்தபடி கலியமூர்த்தி அண்ணன் பின்னால். அக்காவை ஃபேன் முன்னால் உட்காரவைத்தோம். கணக்குத் தம்பி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நீ வேணாந்தம்பி" என்றார் அண்ணன். என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பொண்ணு எழுதட்டும். இது ஒரு தடவ பட்டிருக்கு. இனி கோடு போடாது."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. படிவத்தை எடுத்தேன். 'முந்தைய பாலிசி எண்' என்ற கட்டத்தில் எண்ணை எழுதினேன், ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி. அடுத்த கேள்விக்கு வந்து, "அக்கா, மாத்திர..." என்று ஆரம்பிப்பதற்குள் வசந்தா அக்கா மடியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார்.

"வாசிச்சுக் காட்டும்மா" என்றார் அண்ணன். "எல்லாத்தையும். ஒண்ணு விடாம."

வாசித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் எழுந்து எங்கள் சுவரில் இருந்த நாள்காட்டியின் தாளைக் கேட்காமலே கிழித்து, ரசீதோடு பின் அடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ஆனி முப்பது. ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.